கழிவுநீர்க் குழாய் வழியாகக் காற்றில் தொற்று பரவுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடொன்றில் காற்றில் பரவும் தொற்றுள்ள ஒருவர் இருக்கிறார். அவரை மேல்வீட்டார் நேரில் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் குளியலறைக் குழாய் வழியாகக் கிருமி மேலே வருமா, வருமென்றால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாமல் இருந்துவிடலாமா, தரையிலுள்ள கழிவுத் துளையை அடைத்துவிடலாமா என்பது கேள்வி.

வரக்கூடும் என்பதுதான் பதில். ஆனால் அதற்குச் சில குறைபாடுகள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றில் முக்கியமானது, பெரும்பாலான வீடுகளில் யாரும் கவனிக்காத ஒன்று: குளியலறைத் தரைத் துளைக்கு அடியில் நிற்க வேண்டிய நீர் வற்றிப்போயிருப்பது. ஒரே அறையின் காற்றைப் பகிர்ந்துகொள்வதால் ஏற்படும் தொற்றோடு ஒப்பிட்டால் குழாய்வழித் தொற்று மிக அரிது. இருந்தாலும் நடந்த இடங்களில் பெரும் சேதத்தை விளைவித்திருக்கிறது. தடுக்க ஆகும் செலவோ வாரத்துக்கு ஒரு குவளை நீர். ஆகவே இதை விரிவாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், குளியலறைத் தரை, சமையலறைத் தொட்டி என எல்லாக் கழிவுத் துளைகளும் கட்டடத்தின் செங்குத்துக் குழாயில் போய்ச் சேருகின்றன. பெரும்பாலான அடுக்குமாடிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வீடுகள் அனைத்துக்கும் ஒரே செங்குத்துக் குழாய்தான். சுவரும் தரையும் வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்தாலும், இந்தக் குழாய் அவற்றை ஒன்றாக இணைத்துவிடுகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது ஒவ்வொரு துளைக்கும் அடியில் உள்ள வளைவில் தேங்கி நிற்கும் நீர் மட்டுமே. அந்த வளைவைப் பிளம்பர்கள் டிராப் என்பார்கள். அதில் நிற்கும் நீருக்கு வாட்டர் சீல் என்று பெயர். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் லண்டனில் காப்புரிமை பெற்ற எஸ் வடிவ வளைவுதான் இதன் மூலம். இரண்டரை நூற்றாண்டாகியும் இதைவிட எளிய, நம்பகமான தடுப்பு பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. கட்டட விதிகள் பொதுவாக இந்த நீருக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழம் கேட்கின்றன. அதாவது, உங்கள் வீட்டுக் காற்றுக்கும் ஒட்டுமொத்தக் கட்டடத்தின் கழிவுக் காற்றுக்கும் நடுவே இருப்பது வெறும் 5 சென்டிமீட்டர் நீர்.

அந்த நீர் எப்படிப் போய்விடுகிறது? பெரும்பாலும் ஆவியாகித்தான். கழிப்பறைக் கோப்பையும் வாஷ்பேசினும் தினமும் பயன்படுவதால் அவற்றில் நீர் தானாகவே நிரம்பிக்கொள்ளும். குளியலறைத் தரையைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வழக்கமுள்ள வீட்டில், அல்லது குளிக்குமிடம் தனியாகத் தடுக்கப்பட்டிருக்கும் வீட்டில், தரைத் துளைக்குள் மாதக்கணக்கில் ஒரு சொட்டு நீர்கூட இறங்காமல் போகலாம். வெப்பமும் காற்றோட்டமும் இருந்தால் சில வாரங்களிலேயே அது வற்றிவிடும். யாரும் பயன்படுத்தாத விருந்தினர் குளியலறை, பூட்டிக் கிடக்கும் வீடு, பால்கனியின் மூலையில் உள்ள துளை ஆகியவற்றின் கதியும் இதுதான்.

இரண்டாவது காரணம் குழாய்க்குள் மாறிக்கொண்டே இருக்கும் காற்றழுத்தம். மேல்தளத்தில் ஒருவர் ஃப்ளஷ் செய்ததும் நீர் குழாயை முழுதாக அடைத்துக்கொண்டு விழுவதில்லை. சுவரை ஒட்டி ஒரு வளையமாக வழிந்து இறங்குகிறது, நடுவில் உள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இழுக்கப்படும் காற்றுக்கு ஈடாக, மொட்டைமாடியில் திறந்திருக்கும் வென்ட் குழாய் வழியாகப் புதுக் காற்று இறங்க வேண்டும். அந்த வென்ட் அடைபட்டிருந்தால், அல்லது போதிய அகலமில்லாமல் இருந்தால், காற்று பக்கத்து வீட்டு டிராப் வழியாகவே இழுக்கப்படும். கூடவே அதிலுள்ள நீரும் போகும். கீழே, செங்குத்துக் குழாய் கிடைக்குழாயாகத் திரும்பும் இடத்தில் நிலைமை நேர்மாறானது. நீர் அங்கே திரையாக விழுந்து காற்றின் வழியை மறிப்பதால் அழுத்தம் கூடி, கீழ்த்தள டிராப்களின் நீரை அறைப் பக்கமாகத் தள்ளுகிறது. 50 மில்லிமீட்டர் நீர் ஏறத்தாழ 490 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். மோசமாக வடிவமைக்கப்பட்ட உயரமான கட்டடத்தில், பலர் ஒரே நேரத்தில் கழிப்பறையைப் பயன்படுத்தும் காலைப் பொழுதில், அந்த எல்லை மீறப்படக்கூடும். நீங்கள் எந்தக் குழாயையும் திறக்காமல் இருக்கும்போதே வாஷ்பேசின் துளையிலிருந்து "களக் களக்" என்ற சத்தம் வந்தால், மேலேயோ கீழேயோ யாரோ ஃப்ளஷ் செய்ததில் உங்கள் டிராப்பின் நீர் ஊசலாடுகிறது என்று பொருள். அதைக் குழாயின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. வென்ட் குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வற்றிய டிராப் வழியாகக் காற்று வரும், சரி. அந்தக் காற்றில் கிருமி இருக்குமா? இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வாதிக்கப்பட்டுவந்த கேள்வி. சாக்கடை வாயுவே நோய்களுக்கெல்லாம் காரணம் என்று அப்போது மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். கிருமிக் கோட்பாடு வேரூன்றியதும் எதிர்த்திசைக்கே போய், சாக்கடைக் காற்று நாற்றமே தவிர நோயில்லை என்ற எண்ணம் வலுத்தது. 1907-இல், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவ அதிகாரி வில்லியம் ஹாரக்ஸ் ஜிப்ரால்டரில் தாம் செய்த சோதனைகளை வெளியிட்டார். எளிதில் அடையாளம் காணக்கூடிய சிவப்பு நிற பாக்டீரியாவைக் கழிவுநீரில் கலந்து, அதே பாக்டீரியாவைக் குழாய்களின் காற்றில் பிடித்துக் காட்டினார். நீரில் எழும் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளில் கிருமி காற்றேறுகிறது என்பது அவர் கண்ட வழிகளில் ஒன்று. இன்றைய அறிவும் அதை மறுக்கவில்லை. நீர் குழாய்ச் சுவரில் மோதும்போதும், கிளைக்குழாய்ச் சந்திப்புகளில் சிதறும்போதும், அடி வளைவில் நுரைத்துப் பொங்கும்போதும் நுண்துளிகள் ஏராளமாக உருவாகின்றன. பெரிய துளிகள் உடனே படிந்துவிடும். சில மைக்ரோமீட்டர் அளவுள்ளவை நீர் உலர்ந்து இன்னும் சிறுத்து, நெடுநேரம் காற்றில் மிதந்து, காற்று போகும் இடமெல்லாம் போகும். 2017-இல் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்ம்லி குழுவினர் முழு அளவிலான சோதனைக் குழாயமைப்பைக் கட்டி, ஒரு தளத்துக் கழிப்பறையில் பாக்டீரியாவை இட்டு ஃப்ளஷ் செய்தபோது, அது குழாய்க் காற்று வழியாக இன்னொரு தளத்தை எட்டியதைக் காட்டினார்கள்.

சுவாசத் தொற்றுக்கும் கழிவுநீருக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நோயாளி வாஷ்பேசினில் துப்பும் சளியும் வாய் கொப்பளித்த நீரும் இதே குழாய்க்குத்தான் போகின்றன. சில சுவாச வைரஸ்கள் குடலிலும் பெருகி மலத்தில் வெளியேறுகின்றன. 2003-இல் பரவிய சார்ஸ் அப்படிப்பட்டது. கோவிட் நோயாளிகள் பலரின் மலத்திலும் வைரஸின் மரபணுத் தடயம் கிடைத்தது; ஆனால் அதிலிருந்து தொற்றவைக்கும் திறனுள்ள உயிர்ப்பான வைரஸைப் பிரித்தெடுக்க முடிந்தது சிலரிடமிருந்து மட்டுமே. இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

இனி, இந்தத் துறையில் பணிபுரியும் எவரும் மறக்க முடியாத நிகழ்வு. ஹாங்காங்கின் கௌலூன் பகுதியில் உள்ள அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 33 மாடிகள் கொண்ட கோபுரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் எட்டு வீடுகள். 2003 மார்ச் மாதம் சார்ஸ் நோயாளி ஒருவர் 'இ' பிளாக்கில் உள்ள தம் உறவினர் வீட்டுக்கு இருமுறை வந்தார். கடும் வயிற்றுப்போக்கு இருந்ததால் அங்கே கழிப்பறையைப் பயன்படுத்தினார். அடுத்த சில நாள்களில் அந்தப் பிளாக்கிலிருந்து நோயாளிகள் அலையாக வரத் தொடங்கினர். மார்ச் 31 அன்று அரசு 'இ' பிளாக்கைத் தனிமைப்படுத்தி, மறுநாள் அங்கிருந்தவர்களை வெளியேற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் அந்தக் குடியிருப்பில் நோயுற்றவர்கள் 321 பேர். அவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் 'இ' பிளாக்கைச் சேர்ந்தவர்கள். இறுதிக் கணக்கில் 42 பேர் இறந்திருந்தனர். ஒரே வீட்டுக்கு வந்துபோன ஒருவரிடமிருந்து, அவரைக் கண்ணாலும் பார்த்திராத நூற்றுக்கணக்கானோருக்கு நோய் எப்படிப் போயிற்று?

விசாரணையில் அடுக்கடுக்காகக் காரணங்கள் வெளிப்பட்டன. ஒவ்வொரு பிளாக்கிலும் எட்டுச் செங்குத்துக் குழாய்கள். ஒரே வரிசையில் மேலும் கீழுமாக உள்ள வீடுகளின் கழிப்பறை, வாஷ்பேசின், குளியல் தொட்டி, தரைத் துளை எல்லாம் அந்தந்தக் குழாயில் இணைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் யூ வடிவ டிராப் இருந்தது. வடிவமைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல வீடுகளில் குளியலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால், தரை டிராப்கள் வறண்டு கிடந்தன. குளியலறைகளோ மிகச் சிறியவை. அவற்றில் பொருத்தப்பட்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அந்த அறைகளுக்கு மிஞ்சிய திறன் கொண்டவை. கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனைப் போட்டால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். எளிதில் கிடைத்த வழி வறண்ட தரைத் துளை. விசாரணைக் குழுவினர் ஃபேனை ஓடவிட்டுச் சோதித்தபோது, குழாய்க் காற்று துளை வழியாகக் குளியலறைக்குள் ஏறிவருவது உறுதியானது.

கதை அத்தோடு நிற்கவில்லை. ஃபேன் வெளியேற்றிய காற்று போய்ச் சேர்ந்த இடம், அடுத்தடுத்த வீடுகளின் குளியலறை ஜன்னல்கள் எதிரெதிராகத் திறக்கும் குறுகிய வெளிச்ச இடுக்கு. வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று அந்த இடுக்கில் மேல்நோக்கி எழுந்து, திறந்திருந்த ஜன்னல்கள் வழியாக உயரத்தில் உள்ள வீடுகளுக்குள் புகுந்தது. 2004-இல் இக்னேஷியஸ் யூவும் அவருடைய குழுவினரும் இந்தக் காற்றோட்டத்தைக் கணினியில் உருவகித்து வெளியிட்ட ஆய்வில், நோய் அதிகம் தாக்கிய வீடுகளின் வரிசையும் உயரமும் அந்தக் காற்று போன பாதையோடு ஒத்துப்போயின. பக்கத்துப் பிளாக்குகளுக்குப் பரவியதும் காற்றின் திசையோடு பொருந்தியது. குழாய் தொடங்கிவைத்ததை வெளிக்காற்று முடித்துவைத்தது என்று சொல்லலாம். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது, யாருமே பெரிய தவறு எதையும் செய்யவில்லை என்பது. தரையைத் துடைத்தது தவறா? நாற்றமும் ஈரமும் போக ஃபேன் போட்டது தவறா? ஒவ்வொன்றும் நல்ல பழக்கம். அவை சேர்ந்தபோது கட்டடமே நோய்க்கு வழியானது.

கோவிட் காலத்தில் இதே ஐயம் மீண்டும் எழுந்தது. 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கின் சிங் யீ பகுதியில், ஹொங் மேய் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பத்துத் தளங்கள் இடைவெளியுள்ள இரு வீடுகளில் நோய் கண்டதும், ஒரு வீட்டின் குளியலறையில் வென்ட் குழாய் சரியாக மூடப்படாமல் கழன்றிருந்தது தெரியவந்து, அதே வரிசை வீட்டாரை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். அதே ஆண்டு தொடக்கத்தில் சீனாவின் குவாங்சோவில் ஓர் அடுக்குமாடியின் 15, 25, 27-ஆம் தளங்களில், ஒரே நேர்வரிசையில் இருந்த மூன்று குடும்பங்களில் ஒன்பது பேர் நோயுற்றனர். முதல் குடும்பம் வூஹானிலிருந்து திரும்பியது. மற்ற இரண்டும் அவர்களோடு பழகவில்லை. ஆய்வாளர்கள் 15-ஆம் தளத்துக் குளியலறைக் குழாயில், காற்று போகும் வழியைக் காட்டும் தடய வாயுவாக ஈத்தேனை விட்டபோது, அது மேலே இருந்த இரு வீடுகளின் குளியலறைகளிலும் தென்பட்டது. 16-ஆம் தளத்தில் நெடுங்காலமாக யாரும் வசிக்காத வீட்டின் குளியலறையிலும் வைரஸின் தடயம் கிடைத்தது. சியோலில் ஒரு குடியிருப்பில் நோயாளிகள் இரு செங்குத்து வரிசைகளிலேயே இருந்தனர். அங்கே ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது கழிவுக் குழாயின் மேல் அல்ல, குளியலறைகளை இணைத்த காற்றுப்போக்குக் குழல்மீது.

இவை எவ்வளவு உறுதியான சான்றுகள்? குழாய்க் காற்றில் பயணம் செய்த குறிப்பிட்ட ஒரு வைரஸ் குறிப்பிட்ட ஒருவரைத் தொற்றியதை யாரும் நேரில் பிடித்துக் காட்டியதில்லை, காட்டவும் முடியாது. நோயாளிகளின் இருப்பிட வரிசை, நேரடித் தொடர்பு இல்லாமை, தடய வாயுச் சோதனை, கணினி உருவகிப்பு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுவதால், குழாயே வழி என்று கொள்வது நியாயம். என் கணிப்பில் அமோய் கார்டன்ஸ் மிக வலுவான சான்று. குவாங்சோ அதற்கு அடுத்தது. லிஃப்ட், படிக்கட்டு, பொதுக் கதவு போன்ற வழிகளைத் தீர விலக்காமல், "ஒரே வரிசையில் இரண்டு நோயாளிகள், ஆகவே குழாய்தான்" என்று முடிவுகட்டுவதை ஏற்க முடியாது.

இனி உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கழிவுத் துளையிலும், பயன்படாதவற்றையும் சேர்த்து, வாரம் ஒருமுறை சுமார் அரை லிட்டர் நீர் ஊற்றுங்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதானால், நீர் ஊற்றியபின் மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விடுங்கள். படலமாக மிதந்து ஆவியாவதைக் குறைக்கும். பிறகு வாஷ்பேசினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய நெளிகுழாய் ஒன்று நேராக இறங்கி, தரையிலுள்ள அகலமான துளைக்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். அதைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்தத் துளைக்குக் கீழே டிராப் இல்லையென்றால், அந்த இடைவெளி குழாய்க் காற்றுக்குத் திறந்த வாசல். வாஷிங் மெஷினின் கழிவுக்குழாயும், ஏசியிலிருந்து சொட்டும் நீரின் குழாயும் இதே போல நேராகக் கழிவுக் குழாயில் விடப்படுவதை அடிக்கடி காண்கிறோம். பிளம்பரை அழைத்து டிராப் வைத்து, இடைவெளியை ரப்பர் வளையத்தால் மூடச் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

நாற்றம் ஒரு நல்ல எச்சரிக்கை. ஆனால் நாற்றம் இல்லை என்பதால் டிராப்பில் நீர் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது; நன்றாகக் காற்றோடும் குழாயில் நாற்றம் குறைவாகவே இருக்கும். கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, தரைத் துளையின் மேல் மெல்லிய டிஷ்யூ தாளின் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தாள் மேல்நோக்கித் துடித்தால் அங்கே நீர் இல்லை. கழிப்பறை மூடியை மூடி ஃப்ளஷ் செய்வது பெரிய துளிகளை ஓரளவு தடுக்கும். நுண்துளிகள் மூடியின் ஓர இடுக்குகளில் தப்பிவிடும். 2022-இல் கொலராடோ பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பச்சை லேசர் ஒளியில் படம்பிடித்துக் காட்டியபடி, மூடியில்லாத கழிப்பறையை ஃப்ளஷ் செய்தால் நுண்துளிகள் எட்டு வினாடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு எழுகின்றன. ஆனால் அது அந்த அறைக்குள் இருப்பவருக்கான ஆபத்து. மேல்வீட்டாருக்கு வரும் ஆபத்து வேறு, வழியும் வேறு.

தனி வீட்டார் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பொதுக் குழாய் அவர்கள் கையில் இல்லை. குளியலறையைப் புதுப்பிக்கும்போது வென்ட் குழாயை வெட்டிவிடுவதும், தரை டிராப்பை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவதும், மொட்டைமாடி வென்ட் வாயை மூடிவிடுவதும் ஒரு வீட்டார் செய்யும் காரியங்கள். பலனை அனுபவிப்பது முழு வரிசையும். ஆகவே குடியிருப்போர் சங்கம் புதுப்பிக்கும் வேலைகளைப் பிளம்பரோடு சேர்ந்து பார்வையிட வேண்டும். செங்குத்துக் குழாயில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைச் சோதனை செய்ய வேண்டும். குழாய்க்குள் புகையைச் செலுத்தினால், எந்த வீட்டில் டிராப் வறண்டிருக்கிறது, எந்த இணைப்பு விரிசல் கண்டிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவியை வாங்கி அங்கும் நீர் ஊற்ற ஏற்பாடு செய்வது சங்கத்தால் மட்டுமே ஆகும். புதுக் கட்டடம் கட்டுபவர்கள் வாஷ்பேசின் கழிவு தரை டிராப் வழியாகப் போகும்படி இணைத்துவிட்டால், கை கழுவும்போதெல்லாம் அது தானாக நிரம்பிக்கொள்ளும்; சார்ஸுக்குப் பின் ஹாங்காங் இந்த வழிக்குத் திரும்பியது.

கடைசியாக, கேள்வியின் இரண்டாம் பகுதி. எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்த வேண்டாம். வீட்டிலேயே நோயாளி இருந்தால், அவர் பயன்படுத்திய குளியலறைக் காற்றை வெளியேற்ற அது தேவை. நிறுத்தினாலும், வறண்ட டிராப் வழியாகச் சூடான குழாய்க் காற்று தானாகவே ஏறிவரும். ஃபேன் அதை விரைவுபடுத்துகிறதே தவிர உருவாக்குவதில்லை. முதலில் டிராப்பை நிரப்புங்கள். ஃபேன் ஓடும்போது கதவின் அடியிலாவது காற்று நுழைய வழி விடுங்கள். ஃபேன் வெளிவிடும் காற்று பிறர் ஜன்னலுக்கு நேரே போகிறதா என்றும் பாருங்கள். தரைத் துளையை அடைப்பதைப் பொறுத்தவரை, இனி ஒருபோதும் தேவையில்லை என்று உறுதியானால் பிளம்பரைக் கொண்டு நிரந்தரமாக மூடலாம். வெறும் டேப் ஒட்டுவது போதாது. அது ஈரத்தில் உரிந்துவிடும். அதோடு, குழாய் உடைந்து நீர் பெருகும் நாளில் வடிவதற்கு அந்தத் துளை மட்டுமே இருக்கும் என்பதால், பெரும்பாலான வீடுகளில் அதைத் திறந்தே வைத்து வாரந்தோறும் நீர் ஊற்றுவதுதான் என் பரிந்துரை.